ஸ்கானிலை கட்டி தெரியுது, பிறகும் ஏன் ரத்தம் எடுக்கக் கொழும்புக்குப் போகச் சொல்லினம்?

புன்னாலைக்கட்டுவனிலை இருந்து ஒரு தங்கச்சி எழுதின கடிதம் இது, கொஞ்சம் சுருக்கித் தாறன்.

"டொக்டர், என்ரை மனிசனுக்கு 46 வயசு, வெங்காயத் தோட்டம் செய்யிறவர். ஆறு வருசமா பிறஷர், லொசாட்டன், அம்லோடிப்பின், எச்.சி.ரி எண்டு மூண்டு குளிசை போட்டும் 160க்குக் கீழை வராது. போன மாசி மாசம் விடியக்காலமை தண்ணி மாறப் போனவர், வரம்பிலை நிண்டபடியே ரெண்டு காலும் சோர்ந்து இருந்திட்டார், எழும்ப ஏலேல்லை. ஆஸ்பத்திரியிலை பொட்டாசியம் 2.7 எண்டு சொல்லி வாட்டிலை வைச்சவை. பிறகு அல்டோஸ்ரரோன் 28, ரெனின் நல்லாக் குறைவு எண்டு வந்தது. பொட்டாசியத்தைச் சரியாக்கிப்போட்டு நாலு மணித்தியாலம் சேலைன் ஏத்தி திருப்பி ரத்தம் எடுத்தவை, அப்பவும் 16. சி.ரி ஸ்கானிலை இடது பக்க அட்ரீனலிலை 1.4 சென்ரிமீற்றர் கட்டி. வெட்டுவினம் எண்டு பாத்தால், இல்லை, கொழும்புக்குப் போய் ரெண்டு பக்க நாளத்திலையும் ரத்தம் எடுத்துப் பாக்கவேணும் எண்டு எழுதித் தந்திருக்கினம். கனடாவிலை இருக்கிற அண்ணா, கட்டி கண்ணுக்குத் தெரியுது தானே, காசு அனுப்புறன், பிறைவேற்றிலை உடனை எடுத்து விடுங்கோ எண்டு நிக்கிறார். இது கான்சரோ எண்டும் பயமாக் கிடக்கு. மாமி வேறை இருமலுக்கு அதிமதுரம் அவிச்சுக் குடுக்கிறவ, அதாலை ஏதும் வந்ததோ? என்ன செய்ய?"

தங்கச்சி, முதலிலை ஒண்டு. உங்கடை மனிசனுக்கு இதுவரை பாத்த டொக்டர்மார் செய்த ஒழுங்கு நல்ல ஒழுங்கு. முதல் ஹோர்மோனைப் பாத்து, அதை சேலைன் ஏத்தி உறுதிப்படுத்தி, அதுக்குப் பிறகுதான் ஸ்கானுக்கு அனுப்பியிருக்கினம். கனபேருக்கு இது தலைகீழா நடக்குது, வயித்து நோவுக்கு எடுத்த ஸ்கானிலை கட்டி ஒண்டைக் கண்டிட்டு அதுக்குப் பின்னாலை ஓடுறது. உங்களுக்குச் சரியான வரிசையிலை வந்திருக்கு, அதை இப்ப கடைசிப் படியிலை வந்து குழப்பிப்போடாதேங்கோ.

அண்ணா சொல்லுறது கேக்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். ஆனா ஸ்கான் காட்டுறது உருவத்தை. அந்த உருவம்தான் ஹோர்மோனைச் சுரக்குதோ எண்டு ஸ்கானுக்குத் தெரியாது. ரேடியோலஜிஸ்ற் பிழை விட்டவர் எண்டு நான் சொல்லேல்லை, சி.ரிக்கு அதைக் காட்டுற வல்லமை இல்லை, அவ்வளவுதான்.

உங்கடை ஊர்க் கதையாவே சொல்லுறன், உங்கடை மனிசனுக்கு இது என்னைவிட நல்லா விளங்கும். ரெண்டு கிணத்திலை இருந்து ஒரே தொட்டிக்குத் தண்ணி இறைக்கிறியள் எண்டு வையுங்கோ. தொட்டித் தண்ணி உப்புக் கரிக்குது. எந்தக் கிணறு உவராப் போச்சு எண்டு கட்டிலை நிண்டு எட்டிப் பாத்துச் சொல்ல ஏலுமோ? ஒரு கிணத்திலை கட்டு வெடிச்சுக் கிடக்கு, அதுதான் உவர்க் கிணறு எண்டு தூர்த்துப்போட்டு, பிறகும் தொட்டி கரிச்சால் என்ன செய்வியள்? ஒவ்வொரு கிணத்திலையும் தனித்தனியா ஒரு வாளி அள்ளி வாயிலை வைச்சுப் பாக்கவேணும். கொழும்பிலை செய்யப்போறது அந்த வாளி அள்ளுற வேலைதான்.

அட்ரீனல் எண்டது ரெண்டு கிட்னிக்கும் மேலை தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பி, ஒண்டு நாலைஞ்சு கிராம்தான் இருக்கும். அதின்ரை வெளிப்பக்கத்திலை இருந்துதான் அல்டோஸ்ரரோன் வருது. அது கிட்னியைப் பாத்து உப்பைப் பிடிச்சு வை, பொட்டாசியத்தை சலத்தோடை விடு எண்டு சொல்லுற ஹோர்மோன். அது அளவுக்கு மிஞ்சினால் உடம்பிலை உப்பு நிண்டு பிறஷர் ஏறும், பொட்டாசியம் போய்க் கால் சோரும், இரவிலை கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும். எச்.சி.ரி குளிசையும் பொட்டாசியத்தைக் குறைக்கிறதாலை கனகாலம் ஆக்கள் குளிசையிலை பழியைப் போட்டிட்டு விட்டிடுவினம். ஆனா உங்கடை மனிசன் லொசாட்டனும் போடுறவர், அது ரெனினை (அல்டோஸ்ரரோனைச் சுரக்கத் தூண்டக் கிட்னி விடுற சாமான்) கூட்டிற மருந்து, அதைப் போட்டுக்கொண்டிருக்கேக்கையும் ரெனின் அவ்வளவு குறைவா இருந்ததெண்டால் அது சின்ன அறிகுறி இல்லை, தூண்டாமலே அட்ரீனல் தன்பாட்டிலை சுரக்குது எண்டு அர்த்தம்.

இப்பிடி அல்டோஸ்ரரோன் கூடுற வருத்தத்தை முதல் முதல் விளங்கப்படுத்தினவர் அமெரிக்காவிலை மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெறோம் கொன், 1954 இலை. அவர் பாத்தது கால் கை சோர்ந்து பிடிப்பு வாற 34 வயசுப் பெண் ஒராளை. அப்ப சி.ரி ஸ்கான் எண்ட ஒண்டே இல்லை, வயித்தைத் திறந்துதான் பாக்கவேணும், திறந்தால் அட்ரீனலிலை கட்டி இருந்தது, எடுத்தவை, பொட்டாசியம் சரியாப் போச்சு. இதைக் கேட்டு உங்கடை அண்ணா, பாத்தியளோ எடுத்தா முடிஞ்சுது எண்டுவார். ஆனா அதுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஆக்களைப் பாத்த இடத்திலைதான் சங்கதி தெரிஞ்சது. அல்டோஸ்ரரோன் கூடின எல்லாருக்கும் ஒரு பக்கக் கட்டி இல்லை. கனபேருக்கு ரெண்டு அட்ரீனலும் சேந்து கூடச் சுரக்குது, அவைக்கு ஒண்டை வெட்டி எடுக்கிறதிலை பெரிசாப் பிரயோசனம் இல்லை, குளிசைதான் வைத்தியம்.

அதோடை இன்னொண்டு. ஒரு சுரப்பும் இல்லாத, சும்மா இருக்கிற கட்டியள் அட்ரீனலிலை கனக்க. 50 வயசு ஆக்களை எடுத்தால் நூறிலை மூண்டு பேர் மட்டிலை ஸ்கானிலை அப்பிடி ஒண்டு தெரியும், வயசு போகப் போகக் கூடும். அப்ப இடது பக்கத்திலை ஒரு சும்மா கட்டியும், வலது பக்கத்திலை ஸ்கானுக்குத் தெரியாத நாலைஞ்சு மில்லிமீற்றர் கட்டி ஒண்டு அல்டோஸ்ரரோனைக் கொட்டிக்கொண்டும் இருக்கலாம். நான் உங்களைப் பயப்படுத்தக் கதைக்கேல்லை. 2009 இலை 38 ஆய்வுகளிலை இருந்த 950 நோயாளிகளைச் சேத்துப் பாத்தவை, ஸ்கான் சொன்னதும் நாளத்து ரத்தம் சொன்னதும் ஒத்துவராத ஆக்கள் நூறிலை 38 பேர் மட்டிலை. ஸ்கானை மட்டும் நம்பியிருந்தால் நூறிலை பதினைஞ்சு பேருக்கு ரெண்டு பக்கமும் சுரக்கேக்கை ஒரு பக்கத்தைத் தேவையில்லாமல் வெட்டியிருப்பினம், 19 பேருக்கு வெட்டினால் சுகம் வரக்கூடியதை வேண்டாம் எண்டு விட்டிருப்பினம், நாலு பேருக்குப் பிழையான பக்கத்தை எடுத்திருப்பினம். அந்த நாலு பேரை ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ தங்கச்சி, நல்ல சுரப்பி போச்சு, கெட்டது உள்ளுக்கை இருக்கு.

நானே ஒராளைப் பாத்தனான், எந்த ஆஸ்பத்திரி எண்டு சொல்லேல்லை. மன்னார்ப் பக்கத்து ஆள், இடது பக்கக் கட்டி எண்டு ஸ்கான் றிப்போட்டைப் பாத்திட்டு வேறை இடத்திலை எடுத்துவிட்டிட்டினம். ஆறு மாசம் கழிச்சு என்னட்டை வரேக்கை பொட்டாசியம் 2.9, பிறஷர் பழையபடி, வயித்திலை தழும்பைக் காட்டிக்கொண்டு "எல்லாம் எடுத்தாச்சு எண்டவை டொக்டர்" எண்டவர். அந்த முகம் எனக்கு இண்டைக்கும் மறக்கேல்லை. அதாலைதான் இவ்வளவு நீட்டி எழுதுறன்.

35 வயசுக்குக் கீழை, பொட்டாசியம் நல்லாக் குறைஞ்சு, அல்டோஸ்ரரோன் நல்லாக் கூடி, ஒரு பக்கத்திலை மட்டும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேலை தெளிவான கட்டி, மற்றப்பக்கம் சுத்தம் எண்டால் நாளத்து ரத்தம் எடுக்காமல் நேரை ஒப்பரேசனுக்குப் போகலாம் எண்டு வைச்சிருக்கினம். உங்கடை மனிசனுக்கு 46. அதாலைதான் கொழும்பு.

இனி அங்கை என்ன நடக்கும் எண்டு சொல்லுறன், தெரிஞ்சுகொண்டு போனால் பயம் பாதி குறையும். மயக்கிறேல்லை. எக்ஸ்ரே மேசையிலை படுக்கவைச்சு, தொடை மடிப்பிலை விறைக்கிற ஊசி போட்டு, அதுக்குள்ளாலை சைக்கிள் வால்வ் ரியூப்பை விட மெல்லிய குழாய் ஒண்டை நாளத்துக்குள்ளை விட்டு, எக்ஸ்ரே திரையைப் பாத்துப் பாத்து மேலை கொண்டுபோவினம். கொஞ்சம் மருந்து விடேக்கை நாரிப் பக்கம் ஒரு சூடு, ஒரு அமத்தல் தெரியலாம். இடது பக்கம் பிரச்சினை குறைவு, அந்த நாளம் இடது கிட்னி நாளத்திலை போய் விழுறதாலை வழி தெரியும். வலது பக்கம்தான் டொக்டர்மாருக்கு வேர்க்கிற இடம். வலது அட்ரீனல் நாளம் சில மில்லிமீற்றர்தான் நீளம், இதயத்துக்குப் போற பெரிய நாளத்தின்ரை பின்பக்கத்திலை நேரை போய்க் குத்தி நிக்கும், பக்கத்திலை சின்ன ஈரல் நாளமும் இருக்கும், ஆளை மாறிப் பிடிக்கிறது லேசு. அதாலைதான் இதை அடிக்கடி செய்து கை பழகின இடத்துக்கு அனுப்பினவை. பிறைவேற்று, அரசாங்கம் எண்டதை விட, அந்தக் கை எத்தினை தரம் செய்திருக்கு எண்டதுதான் முக்கியம். நாளம் கிழிஞ்சு ரத்தம் கசியிற ஆபத்து ஒண்டு இருக்கு, அனுபவமுள்ள கையிலை அது நூறிலை ஒண்டுக்கும் குறைவு.

வலது, இடது, வெளி நாளம் (அட்ரீனலுக்கு வெளியிலை உள்ள வேறை நாளம்) எண்டு ரத்தக் குழாயளிலை எழுதி ஒட்டி லாப்புக்கு அனுப்புவினம். ஒவ்வொண்டிலையும் அல்டோஸ்ரரோனும், அட்ரீனலே சுரக்கிற இன்னொரு ஹோர்மோனான கோட்டிசோலும் பாப்பினம். கோட்டிசோல் ஏன் எண்டு கனபேர் கேக்கிறவை. வாளியிலை மழைத்தண்ணியும் கலந்திருக்கலாம் தானே, குழாய் உறிஞ்சேக்கை வேறை நாளத்து ரத்தமும் சேந்து வரும், இடது பக்கத்திலை அது கூட. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சுரக்கிற இன்னொரு சாமானை அளந்தால் எவ்வளவு கலந்தது எண்டு பிடிபடும்.

ஒரு உதாரணத்துக்கு நானே நம்பர் போடுறன். இடது குழாயிலை அல்டோஸ்ரரோன் 3000, கோட்டிசோல் 250, பிரிச்சால் 12. வலதிலை 600, 400, பிரிச்சால் ஒண்டரை. வெளி நாளத்திலை 60, 20, பிரிச்சால் 3. முதலிலை பாக்கவேண்டியது கோட்டிசோலை, 250உம் 400உம் வெளியிலை இருக்கிற 20ஐ விடப் பத்து மடங்குக்கு மேலை, அப்ப ரெண்டு பக்கமும் குழாய் சரியான இடத்திலைதான் நிண்டிருக்கு. சுரப்பியைத் தூண்டிற மருந்து குடுத்து எடுத்தால் அஞ்சு மடங்காவது வேணும், குடுக்காமல் எடுத்தால் ரெண்டு மடங்கு. பிறகு 12ஐ ஒண்டரையாலை பிரியுங்கோ, எட்டு மடங்கு. தூண்டி எடுத்ததிலை நாலு மடங்குக்கு மேலை எண்டால் அந்தப் பக்கம்தான் குற்றவாளி. வலது பக்கம் வெளி நாளத்தை விடவும் குறைஞ்சு அமந்து கிடக்கிறதையும் பாருங்கோ, இடது கொட்டுறதாலை வலது சோம்பிப் போச்சு. இப்பிடி வந்தால் நானே சொல்லுவன் கெதியா ஒப்பரேசனுக்குப் போங்கோ எண்டு. ஆனா வலது குழாயிலை கோட்டிசோல் 22 எண்டு வந்தால் குழாய் நாளத்துக்குள்ளை போகேல்லை எண்டு அர்த்தம், அந்த அல்டோஸ்ரரோன் நம்பரை வைச்சு ஒருத்தரும் ஒண்டும் சொல்லக்கூடாது, திருப்பிச் செய்யவேணும். சில றிப்போட்டிலை இந்தக் கோட்டிசோலைப் பாக்காமலே முடிவு எழுதியிருக்கும், அதாலை நீங்களும் ஒருக்கா கேளுங்கோ, "குழாய் ரெண்டு பக்கமும் சரியாப் போனதோ" எண்டு. கேக்கிறது மரியாதைக் குறைவில்லை.

இந்த இடத்திலை ஒரு பொறி இருக்கு. அந்தக் கட்டி அல்டோஸ்ரரோனோடை கோட்டிசோலையும் கூடச் சுரக்குமெண்டால் மேலை சொன்ன கணக்கு முழுக்கக் குழம்பிப் போகும். அதாலை போக முந்தி டெக்சாமெதசோன் ரெஸ்ட் செய்ததோ எண்டு பாருங்கோ, உங்கடை கடிதத்திலை அது இல்லை. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் குளிசை, அடுத்தநாள் காலமை 8 மணிக்கு ரத்தம், கோட்டிசோல் டெசிலீற்றருக்கு 1.8 மைக்கிரோகிராமுக்குக் கீழை அமந்தால் பயமில்லை, அமராட்டி எழுதித் தந்த டொக்டருக்குச் சொல்லவேணும். செலவு குறைஞ்ச ரெஸ்ட், யாழ்ப்பாணத்திலையே முடிக்கலாம்.

கான்சரோ எண்ட கேள்வி. 1.4 சென்ரிமீற்றர் எண்டது சின்னன், அட்ரீனல் கான்சர் பெரும்பாலும் இதைவிட எவ்வளவோ பெரிசா இருக்கேக்கைதான் பிடிபடும். ஸ்கான் றிப்போட்டிலை ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்டு ஒரு நம்பர் இருக்கும், மருந்து ஏத்தாமல் எடுத்த படத்திலை அது 10 அல்லது அதுக்குக் கீழை, கட்டி முழுக்க ஒரே மாதிரி எண்டால் கொழுப்புக் கூடின சாதாரண கட்டி, கான்சர் இல்லை. 10க்கு மேலை எண்டால் இன்னொரு சாதியைத் தள்ளி வைக்கவேணும், அட்ரீனலின் சுரக்கிற கட்டி, பியோகுறோமோசைற்றோமா எண்டு பேர். திடீரெண்டு தலையிடி, நெஞ்சு படபடப்பு, வேர்த்துக் கொட்டுறது எண்டு வந்து போகும். அதுக்கு ரத்தத்திலை அல்லது 24 மணித்தியாலச் சலத்திலை, அட்ரீனலின் உடைஞ்சு வாற மெற்றாநெவ்ரின் எண்ட சாமானைப் பாக்கிறது. அந்த ரெஸ்டுக்கு முதல் பனடோலை விடச் சொல்லுவினம், சில லாப் முறைகளிலை பனடோல் நம்பரைக் கூட்டிக் காட்டும், எங்கடை சனம் தலையிடிச்சால் முதல் போடுறதே அதுதான். அந்தக் கட்டிக்கு நாளத்து ரத்தம் உதவாது, சி.ரி, எம்.ஆர்.ஐயோடை எம்.ஐ.பி.ஜி எண்ட ஸ்கான், இப்ப டோட்டாரேற் பெற் ஸ்கான் எண்டு கட்டியே உறிஞ்சிற கதிர்மருந்தைக் குடுத்து எங்கை ஒளிச்சிருக்கு எண்டு பாக்கிறவை. அதைத் தெரியாமல் ஊசி குத்தவோ வெட்டவோ போனால் மேசையிலையே பிறஷர் எகிறி உயிருக்கு ஆபத்து. இவரின்ரை கதை அந்தச் சாதி மாதிரித் தெரியேல்லை, எண்டாலும் நம்பரைப் பாருங்கோ.

பெற் ஸ்கான் எண்டதும் அண்ணா இதையும் கேப்பார், அதாலை சொல்லுறன். நாளத்துக்குள்ளை போகாமல் அல்டோஸ்ரரோன் கட்டியைக் காட்டிற மெற்றோமிடேற் பெற் ஸ்கான் ஒண்டு வந்திருக்கு. இங்கிலாந்திலை 143 பேரிலை ரெண்டையும் செய்து பாத்து 2023 இலை வெளியிட்டவை, நாளத்து ரத்தத்துக்குக் குறைவில்லை எண்டுதான் வந்தது, எனக்கு உண்மையிலை சந்தோசமான செய்தி. ஆனா அதுக்குப் பாவிக்கிற கதிர்மருந்து 20 நிமிசத்துக்கு ஒருக்கா பாதியாக் குறைஞ்சு போகும், செய்யிற இயந்திரம் ஸ்கானுக்குப் பக்கத்திலையே இருக்கவேணும். அதுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மாமியின்ரை அதிமதுரம். மாமியைக் குற்றம் சொல்லாதேங்கோ, இருமலுக்கு எங்கடை வீடுகளிலை காலங்காலமா இருக்கிற மருந்து அது. ஆனா அதைக் கனக்க, கனநாள் குடிச்சால் கிட்னியிலை கோட்டிசோல் அல்டோஸ்ரரோன் மாதிரி வேலை செய்யத் தொடங்கும், பிறஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும். அதாலை வந்ததெண்டால் அல்டோஸ்ரரோன் குறைஞ்சிருக்கவேணும், இவருக்குக் கூடினபடியாலை காரணம் அதில்லை. எண்டாலும் கொழும்புக்குப் போக ஒரு மாசத்துக்கு முந்தியே நிப்பாட்டுங்கோ, பேந்தும் இவருக்கு வேண்டாம்.

பொட்டாசியம் குளிசையை ஒரு நாளும் விடாதேங்கோ. இளநீரும் வாழைப்பழமும் காணும் எண்டு விடுறவை இருக்கினம், காணாது. பொட்டாசியம் குறைஞ்சிருந்தால் கட்டி சுரக்கிறதும் குறைஞ்சு ரெஸ்ட் பொய் சொல்லும், போற கிழமை ஒருக்கா பாத்து நாலுக்குக் கிட்ட இருக்கோ எண்டு உறுதிப்படுத்துங்கோ. அல்டோஸ்ரரோனின்ரை வேலையைத் தடுக்கிற ஸ்பைரோனோலக்ரோன் குளிசை தந்திருந்தால் அதை நாலைஞ்சு கிழமைக்கு முதல் மாத்தவேணுமோ எண்டு டொக்டரிட்டைக் கேளுங்கோ, நீங்களா ஒரு பிறஷர் குளிசையையும் நிப்பாட்டக்கூடாது. ரெஸ்ட் முடிஞ்ச அண்டைக்கே இரவு பஸ் ஏறாமல் ஒரு நாள் நிண்டு வாங்கோ, தொடையிலை குத்தின இடம் ஆற வேணும்.

ஒரு பக்கம் எண்டு வந்து எடுத்தாலும் எல்லாக் குளிசையும் போயிடும் எண்டு மனசிலை கட்டிவைக்காதேங்கோ. 2017 இலை வந்த பெரிய கணக்கெடுப்பிலை ஹோர்மோன் சரியானது நூறிலை 94 பேருக்கு, ஆனா குளிசையே இல்லாமல் பிறஷர் சரியானது 37 பேருக்கு, இன்னும் 47 பேருக்கு முந்தினதை விட நல்லாக் குறைஞ்சது. ஆறு வருசம் அடிச்ச பிறஷர் ரத்தக் குழாயிலை விட்ட அடையாளம் இருக்கும்தானே. ரெண்டு பக்கமும் எண்டு வந்தால் ஸ்பைரோனோலக்ரோன், அது சில ஆம்பிளையளுக்கு மார்பு வீங்கி நோகும், அப்பிடி வந்தால் வெக்கப்படாமல் சொல்லச் சொல்லுங்கோ, எப்பிளெரனோன் எண்டு மாத்து மருந்து இருக்கு.

போகேக்கை சி.ரி படத்தின்ரை சீடியையும் கொண்டு போங்கோ, றிப்போட் பேப்பர் மட்டும் காணாது, வலது நாளம் எங்கை விழுது எண்டு அந்தப் படத்திலை முதலே பாத்து வைச்சால் அவைக்கு நேரம் மிச்சம். இடையிலை கால் திருப்பிச் சோர்ந்தாலோ நெஞ்சு தப்பித் தப்பி அடிச்சாலோ கிளினிக் திகதியைப் பாத்துக்கொண்டு இராமல் உடனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கோ, இடதா வலதா எண்டு மட்டும் எழுதாமல் எல்லாக் குழாயின்ரை அல்டோஸ்ரரோன், கோட்டிசோல் நம்பரையும் அப்பிடியே எழுதி விடுங்கோ, நான் இருந்து கணக்குப் பாத்துச் சொல்லுறன்.